கல்லூரி ஆசிரியருக்கு யார் பாடம் சொல்லித் தருவது? – இணையவழிக் கற்பித்தலும் சமத்துவ வகுப்பறையும்

 

நாம் இன்று நினைவுகூரும் தோழர் வாழ்நாள் முழுக்க ஆசிரியராக இருந்தவர். பகலில் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தினார். இரவில் நம் காலனியின் சமுதாயக் கூடத்தில் கரும்பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு நடத்தினார். புதிதாக ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தால் அவர் கேட்காத மூன்று கேள்விகள் உண்டு. எந்த ஊர், எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை. “இந்த மூணையும் கேட்டா சாதி வந்து விழுந்துரும், அப்புறம் பாடம் எங்க நடக்கும்?” என்பார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எந்த இடத்துல விட்டுப்போச்சு?” பின்னத்தில் விட்டுப்போச்சு என்று பிள்ளை சொன்னால் அன்றைக்குப் பின்னத்திலிருந்து பாடம் தொடங்கும். அந்தக் கேள்வியை இன்றைய கல்லூரிக்குள் கொண்டுபோய்க் கேட்டுப் பார்ப்பதே இந்த உரையின் நோக்கம்.

கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் இளம் தோழர்கள் சிலர், “இலக்கிய அமைப்புக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாளைக்கு நம் கூட்டத்தில் கவிதை வாசிக்கப் போகிறவர்கள், வழக்காடப் போகிறவர்கள், நிலத்துக்காக மனு எழுதப் போகிறவர்கள் எல்லாரும் இப்போது ஏதோ ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள். அவர்களில் யார் பட்டம் வாங்கி வெளியே வருவார், யார் பாதியில் நின்று திருப்பூர் பஸ் ஏறுவார் என்பதில் எதிரே நிற்கும் ஆசிரியருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்த ஆசிரியரை யார் தயார் செய்கிறார்கள் என்று நாம் இதுவரை கேட்டதில்லை.

பயிற்சி எப்படி நடக்கிறது

பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் பி.எட். வேண்டும். பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்திக் காட்டிப் பயிற்சி பெற வேண்டும். கல்லூரி ஆசிரியருக்கு அந்த நிபந்தனை கிடையாது. முதுகலைப் பட்டத்தோடு நெட் அல்லது செட் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம் இருந்தால் போதும். பாடம் தெரியுமா என்று சோதிக்கிறோம். அதைப் பிறருக்குப் புரியவைக்கத் தெரியுமா என்று சோதிப்பதில்லை.

இந்தக் குறையை அரசு அறியாமலில்லை. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 1987-இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்’ என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பயிற்சி மையங்களைத் தொடங்கியது. பின்னாளில் அவை ‘மனிதவள மேம்பாட்டு மையம்’ என்று பெயர் மாறின. 2023 செப்டம்பர் 5 அன்று, ஆசிரியர் தினத்தில், ‘மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டம்’ தொடங்கப்பட்டதும் மறுபடியும் பெயர் மாறின. இன்று நாடு முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. நம் மாவட்டக் கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றவை. அந்தப் பல்கலைக்கழகத்திலும் ஒரு மையம் இருக்கிறது. இப்போது பயிற்சிகளில் கணிசமானவை இணையவழியிலேயே நடப்பதால், புதுக்கோட்டையில் வீட்டில் உட்கார்ந்தபடியே ஓர் ஆசிரியர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கலாம்.

சான்றிதழ் எதற்கு? பதவி உயர்வுக்கு. மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் அடுத்த ஊதிய நிலைக்குப் போக, கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அதோடு ஒரு புத்தொளிப் பயிற்சியோ, சான்றிதழ் தரும் இணையவழிப் படிப்பொன்றோ வேண்டும். இதில் தவறில்லை. கட்டாயம் இல்லாவிட்டால் பலர் போகவே மாட்டார்கள். ஆனால் பயிற்சி முடிந்ததா என்பதற்கு ஒரே சாட்சி அந்தச் சான்றிதழ்தான். ஆசிரியர் திரும்பி வந்த பிறகு வகுப்பில் ஏதாவது மாறியதா என்று அவருடைய மாணவர்களை யாரும் கேட்பதில்லை.

மாளவியா மிஷன் எட்டுத் தலைப்புகளை வகுத்திருக்கிறது. அவற்றில் ஒன்று ‘மாணவர் பன்மையும் உள்ளடக்கிய கல்வியும்’. இன்னொன்று ‘தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்’. தாளில் பார்த்தால் நாம் கேட்க வேண்டிய இரண்டும் இருக்கின்றன. சிக்கல் அவை இரண்டாக இருப்பதில்தான். வெவ்வேறு ஊர் மையங்களில் பயிற்சிக்குப் போய்வந்த ஆசிரிய நண்பர்களிடம் விசாரித்தோம். ஒரு நாள் ஒருவர் வந்து, ‘நம் மாணவர்கள் பல பின்னணியிலிருந்து வருகிறார்கள், அனைவரையும் சமமாக நடத்த வேண்டும்’ என்று பேசிவிட்டுப் போகிறார். மறுநாள் இன்னொருவர் வந்து கூகுள் வகுப்பறை தொடங்குவது, காணொலி பதிவது, இணையத்தில் வினாடிவினா வைப்பது எப்படி என்று காட்டுகிறார். முதல் நாள் பேசப்பட்ட மாணவர் இரண்டாம் நாள் காட்டப்பட்ட வகுப்பறைக்குள் நுழைய முடியுமா என்ற கேள்வி இரண்டு நாளும் எழுவதில்லை.

வகுப்பில் யார் இருக்கிறார்கள்

மத்திய அரசின் உயர்கல்வி ஆய்வறிக்கை 2021-22-இன்படி, இந்தியாவில் 18 முதல் 23 வயதுக்குட்பட்டோரில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4. பட்டியல் சாதியினருக்கு அது 25.9. தமிழ்நாட்டின் மொத்த விகிதம் 47. இந்த 47-ஐப் பற்றி மேடைதோறும் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதன் பொருள் என்ன? வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் வகுப்பை நிறைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

நம் மாவட்டத்தைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் 16 லட்சம் மக்கள். ஐந்தில் நான்கு பேர் கிராமத்தில். புதுக்கோட்டை நகரில் மன்னர் கல்லூரியும் அரசு மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. பல தலைமுறையாகப் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். ஆனால் கறம்பக்குடி, ஆலங்குடி, அறந்தாங்கி, திருமயம் என்று அரசுக் கல்லூரிகள் வந்த பிறகுதான், டவுன் பஸ்ஸுக்குக் காசில்லாமல் படிப்பை விட்டிருக்கக்கூடிய பெண் பிள்ளைகள் பலர் பட்டப் படிப்பில் சேர்ந்தார்கள். கட்டடம் வந்துவிட்டது, மாணவர் வந்துவிட்டார். கற்பிக்கும் முறை மட்டும் பழைய மாணவரை எண்ணியே இருக்கிறது. வீட்டில் புத்தக அலமாரி உண்டு, ஆங்கிலம் காதில் விழும், சந்தேகம் கேட்க அண்ணனோ அத்தையோ உண்டு என்று எண்ணி நடத்தப்படும் பாடம் அது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது வேங்கைவயல் இருக்கும் மாவட்டம். 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் முன்னிலையிலேயே அந்தப் பகுதித் தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை முறையும் கோயில் நுழைவு மறுப்பும் வெளிவந்தன. காலையில் அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து, இரண்டு தெருக்களிலிருந்தும் கிளம்பும் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் வந்து ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். அந்த வகுப்பில் நின்றுகொண்டு, ‘எனக்கு எல்லா மாணவர்களும் ஒன்றுதான், நான் சாதி பார்ப்பதில்லை’ என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தன் முன்னால் நடப்பதை அவர் பார்க்கவில்லை.

திரைக்குள் வந்த சாதி

2020-இல் கல்லூரிகள் மூடப்பட்டு இணைய வகுப்புகள் தொடங்கியபோது, எங்களில் சிலர்கூட ஒரு நம்பிக்கை வைத்தோம். திரையில் முன் பெஞ்சு, பின் பெஞ்சு கிடையாது. எல்லாரும் ஒரே அளவு கட்டத்தில் இருப்பார்கள். இது ஒருவகையில் சமத்துவம்தானே என்று நினைத்தோம். அந்த நம்பிக்கை ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆம் சுற்று 2017-18-இல் எடுத்த கணக்கில், இந்தியக் கிராமப்புற வீடுகளில் 4.4 விழுக்காட்டில்தான் கணினி இருந்தது. இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இலவச டேட்டா அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் வகுப்புகள் அதற்குப் பல மாதம் முன்பே தொடங்கிவிட்டன. அதோடு, சிம் கார்டு கிடைத்தாலும் அதைப் போட ஒரு போன் வேண்டுமே.

அந்த நாட்களில் எங்கள் மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகள் சொன்னவற்றைக் குறித்து வைத்திருக்கிறோம். ஒரு மாணவி: “போன் அண்ணனோடது. அவன் வேலை முடிஞ்சு ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவான். காலையில பத்து மணி வகுப்புக்கு நான் எங்க போறது?” ஒரு மாணவன்: “கேமராவ ஆன் பண்ணச் சொன்னாங்க. பின்னாடி எங்க வீட்டு ஓலைத் தடுப்பு தெரியும். டவர் இல்லன்னு சொல்லி வெளிய வந்துட்டேன்.” அவன் அன்றைக்கு ‘ஆப்சென்ட்’. இன்னொரு மாணவி சொன்னது வேறு வகை. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்களின் பட்டியலை ஆசிரியர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பெயர், பதிவு எண், அதற்கடுத்த கட்டத்தில் சாதி. “அதுவரைக்கும் என்கிட்ட நல்லா பேசுன பிள்ளை, அன்னிக்கு ராத்திரியே ‘நீ இதுவா?’ன்னு மெசேஜ் போட்டா.”

பழைய நாளில் அலுவலக உதவியாளர் வகுப்புக்கு வந்து, ‘எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க எந்திரிங்க’ என்பார். எழுந்து நின்ற அவமானம் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். வாட்ஸ்அப் பட்டியல் அதே சடங்குதான். ஒரே வேறுபாடு, எழுந்து நின்றது அரை நிமிடம். பட்டியல் எழுபது பேர் போனில் அழியாமல் இருக்கும்.

இந்த மூன்றிலும் ஆசிரியர் யாரையும் திட்டவில்லை. சாதிப் பெயர் சொல்லி இழிவு செய்யவில்லை. அவர் கையில் ஒரு கருவி கொடுக்கப்பட்டது, அதை இயக்கக் கற்றார், இயக்கினார். கேமராவைக் கட்டாயமாக்கினால் யார் வெளியேறுவார், பட்டியலைப் பகிர்ந்தால் யார் காயப்படுவார் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பயிற்சியின் முதல் பாடமாக இருந்திருக்க வேண்டியது இதுதான்.

சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவத்தை வளர்ப்பதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. மாணவரின் சாதிப் பெயரை வாய்மொழியாகவோ வேறு வகையிலோ அறிவிப்பது, வகுப்பில் ‘ரிசர்வ் கேட்டகிரி’ என்று முத்திரை குத்துவது, குறைந்த மதிப்பெண்ணுக்குச் சாதியைக் காரணமாகச் சொல்லி இழிவாகப் பேசுவது எல்லாம் அதில் பாகுபாடு என்று வகைப்படுத்தப்பட்டுள்ளன. ‘வேறு வகையிலோ’ என்ற சொல்லில் வாட்ஸ்அப்பும் அடங்கும். சம வாய்ப்பு மையம் அமைக்க வேண்டும், பாகுபாடு தடுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் அந்த விதிமுறை சொன்னது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று இங்கிருக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாங்கள் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. 2019-இல் ரோகித் வெமுலாவின் தாயும் பாயல் தட்வியின் தாயும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, இந்த விதிமுறை தாளோடு நின்றுவிட்டது என்ற குறையோடுதான்.

மதிப்பெண்ணுக்குப் பின்னால்

கற்பித்தலில் பாகுபாடு என்பது உணர்வு சார்ந்த புகார் அல்ல. ஆய்ந்து பார்க்கப்பட்ட ஒன்று. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் பற்றி ஆராயப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் 2006-இல் குழு அமைக்கப்பட்டு, 2007-இல் அறிக்கை தரப்பட்டது. அக்குழு விசாரித்த தலித், பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்றார்கள். வாய்மொழித் தேர்வில் நேராகவோ சுற்றிவளைத்தோ சாதியைக் கேட்டார்கள் என்றும் பலர் சொன்னார்கள். நாட்டின் முதன்மையான மருத்துவக் கல்லூரியிலேயே இதுதான் நிலை.

ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கும் இது நேர்ந்திருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 1918-இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தபோது, ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த தண்ணீர்ப் பானையில் அவர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். படித்தவர்கள் கூடும் அறையில்தான் அந்தப் பானை இருந்தது. பட்டம் வாங்கினால் சாதி போய்விடும், எனவே கல்லூரி ஆசிரியருக்கு இதில் பயிற்சி தேவையில்லை என்று நினைப்பவர்கள் அந்தப் பானையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளடக்கிய கற்பித்தல் என்றால்

எவரையும் வெளியே நிறுத்தாமல் நடத்தும் பாடம் என்று இதற்கு எளிமையாகப் பொருள் சொல்லலாம். உலக அளவில் இதற்குப் பல வழிமுறைகள் உருவாகியிருக்கின்றன. அமெரிக்காவில் 1984-இல் தொடங்கிய ஒரு நிறுவனம் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்காக வேலை செய்து, அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு என்ற முறையை உருவாக்கியது. அந்த நிறுவனத்தின் சுருக்கப் பெயர் ‘காஸ்ட்’. நம் காதில் அது வேறு பொருளில் விழுவது தற்செயல்தான். அந்த முறை சொல்வது மூன்று. பாடத்தை ஒரே வழியில் மட்டும் தராதே; பேச்சு, எழுத்து, படம் எனப் பல வழியில் தா. தெரிந்ததைக் காட்டவும் பல வழி விடு. எழுதியும் காட்டலாம், சொல்லியும் காட்டலாம், செய்தும் காட்டலாம். ஆர்வம் பிறக்கவும் பல வாசல் வை. சக்கர நாற்காலிக்காகப் போட்ட சாய்தளத்தில் குழந்தையைத் தூக்கிய தாயும் ஏறுவதுபோல, ஒருவருக்காகச் செய்த ஏற்பாடு பலருக்கும் உதவும் என்பதே அதன் அடிப்படை.

நிறவெறி ஆட்சியின் கடைசிக் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் கருப்பின மாணவர்கள் சேரத் தொடங்கியபோது, முதலில் அவர்களுக்குத் தனி வகுப்பு வைத்துக் ‘குறையைச் சரிசெய்ய’ முயன்றார்கள். ‘தயாராகாத மாணவர்’ என்பது அந்நாளைய சொல். பிறகு, தயாராகாதது பல்கலைக்கழகம்தான் என்ற வாதம் அங்கே வலுத்தது. தனி வகுப்போடு நிற்காமல், பாடத்திட்டத்தையும் ஆசிரியரையும் மாற்றும் வேலை தொடங்கியது. நம் கல்லூரிகள் இன்னும் முதல் படியில் நிற்கின்றன. மாணவருக்குச் சிறப்புப் பயிற்சி வகுப்பு உண்டு. ஆசிரியரைப் பார்த்து ‘நீங்கள் எங்கே மாற வேண்டும்’ என்று கேட்பது இல்லை.

நம் வகுப்பறைக்கு இதையெல்லாம் இறக்கினால் என்ன கிடைக்கும்? பெரிய செலவு எதுவும் வேண்டாம். இணைய வகுப்பில் கேமரா கட்டாயம் என்பதை விட்டுவிடலாம். ஒரு மணி நேர நேரலைக் காணொலி தின்னும் டேட்டாவில் பத்து நிமிட ஒலிப்பதிவுகளைப் பல டஜன் இறக்கிக்கொள்ளலாம். எனவே பாடத்தைச் சிறு சிறு ஒலிக்கோப்பாகவும், போனில் படிக்கும்படி தட்டச்சு செய்த இரண்டு பக்கக் குறிப்பாகவும் தரலாம். அண்ணன் போன் எட்டு மணிக்கு வந்தாலும் அதைக் கேட்கலாம். வருகைப் பதிவை, வந்த நேரத்தை வைத்து அல்லாமல், அந்த வாரத்துக்குள் எழுதி அனுப்பும் நான்கு வரிப் பதிலை வைத்து எடுக்கலாம். தமிழில் தேர்வெழுதும் மாணவருக்கு ஆங்கிலக் காணொலி இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டுப் பாடம் முடிந்தது என்று சொல்லாமல், கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதித் தரலாம். குழுவேலைக்கு ‘நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று விட்டால் தெரு தெருவாகத்தான் சேருவார்கள். ஆசிரியரே கலந்து பிரிக்கலாம். விடைத்தாளைப் பெயரை மறைத்துத் திருத்தலாம். உதவித்தொகைச் செய்தியைத் தனித்தனியாக அனுப்பலாம்.

அரசு நியமித்த நீதிபதி கே.சந்துரு குழுவும் இதே திசையில்தான் சொல்லியிருக்கிறது. 2023-இல் நாங்குநேரியில் தலித் மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட அக்குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர்களுக்குச் சாதிப் பாகுபாடு பற்றியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றியும் ஆண்டுதோறும் கட்டாயப் பயிற்சி தர வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் சில. அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நம் கல்லூரி முதல்வர்களிடம் பேச நமக்கு உரிமை இருக்கிறது.

நம் மாவட்டம் ஏற்கெனவே செய்தது

இதெல்லாம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. 1991-92-இல் இதே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. நம்மில் மூத்தவர்கள் பலர் அதில் தொண்டர்களாக இருந்தவர்கள். கல்லூரி ஆசிரியர்களும் அதில் இறங்கினார்கள். பாடம் நடத்தப் போனவர்களுக்கு முதலில் பயிற்சி தரப்பட்டது. படிக்க வருபவர் கல்குவாரியில் கல் உடைத்துவிட்டு, களை பறித்துவிட்டு வருகிறார். எனவே வகுப்பு இரவில்தான். அவர் வரும் இடத்தில், அவர் தெருவில்தான். அவர் வாயில் புழங்கும் சொல்லிலிருந்துதான் எழுத்து தொடங்கும். பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள்; பல்லாயிரம் பேர் ஓட்டினார்கள். கற்றவர்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுக்கவும் முன்வந்தார்கள்.

அங்கே பயிற்சி வெற்றியா என்று யாரும் சான்றிதழைப் பார்த்துச் சொல்லவில்லை. தெருவில் அந்த அம்மா பஸ் பலகையைப் படிக்கிறாரா, கூலிக் கணக்கைத் தானே பார்க்கிறாரா என்று பார்த்தார்கள். அறிவொளிக்கும் குறைகள் உண்டு. பலர் கற்றதை மறந்தார்கள், சாதி அப்படியே இருந்தது. ஆனால் கற்பவரின் நேரத்துக்கும் இடத்துக்கும் கற்பிப்பவர் போக வேண்டும் என்ற பாடத்தை எழுத்தறியாத மக்களுக்காகச் செய்துகாட்டிய மாவட்டம், தன் கல்லூரிப் பிள்ளைகளுக்காக அதை மறந்துவிட்டது.

இரண்டு எதிர்வாதங்கள்

முதலாவது: பயிற்சி கொடுத்தால் சாதி போய்விடுமா? போகாது. சாதியை மனப்பூர்வமாக விரும்பும் ஆசிரியரை எந்த மூன்று வார வகுப்பும் மாற்றாது. அவருக்குச் சட்டம் இருக்கிறது. இட ஒதுக்கீட்டுப் பின்னடைவுப் பணியிடங்களை நிரப்புவதும், தலித் ஆசிரியர்கள் துறைத் தலைவராகவும் முதல்வராகவும் வருவதும் எந்தப் பயிற்சியைவிடவும் பெரிது. ஆனால் எல்லா ஆசிரியரும் அப்படிப்பட்டவரல்ல. தெரியாமல் செய்பவர், தெரிந்தால் மாற்றிக்கொள்பவர் நிறைய இருக்கிறார்கள். பயிற்சி அவர்களுக்கானது. அதோடு, ‘எனக்குத் தெரியாது’ என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாத நிலையையும் அது உண்டாக்கும்.

இரண்டாவது, கனமான வாதம்: இணையவழிக் கல்வியை நாம் திருத்தப் போனால், ஆசிரியரே இல்லாத கல்லூரியை ஏற்றுக்கொண்டதாக ஆகாதா? இந்த அச்சம் சரியானது. சுவயம் தளத்தின் வழியாக ஒரு பருவத்தில் 20 விழுக்காடு பாடங்களைப் படிக்கலாம் என்று 2016-இல் இருந்த வரம்பு, 2021-இல் 40 ஆக உயர்த்தப்பட்டது. அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான பணியிடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களே தாங்குகிறார்கள். அவர்களுக்கு மாதத் தொகுப்பூதியம்தான். பதவி உயர்வு ஏணி அவர்களுக்கு இல்லை. அதனால் பயிற்சிக்குப் போங்கள் என்று சொல்வாரும் இல்லை. நம் பிள்ளைகளின் முன்னால் அதிக நேரம் நிற்பவர்கள் அவர்கள்தான். எனவே எங்கள் நிலை இது: இணையம் ஆசிரியருக்குத் துணை, மாற்று அல்ல. நிரந்தர நியமனம் கேட்கும் குரலை நிறுத்தாமலேதான் இந்தப் பயிற்சியையும் கேட்கிறோம்.

நாம் கேட்பதும் செய்வதும்

கோரிக்கைகளைச் சுருக்கமாக வைக்கிறோம். ஒன்று, தொழில்நுட்பப் பயிற்சியும் உள்ளடக்கிய கல்விப் பயிற்சியும் ஒன்றாக நடக்க வேண்டும்; எந்தக் கருவியைக் காட்டினாலும் அதனால் யார் வெளியே போவார் என்ற கேள்வியும் அதோடு வர வேண்டும். இரண்டு, பயிற்சி நடத்துவோரில் தலித், பழங்குடிப் பேராசிரியர்களும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் இருக்க வேண்டும். மூன்று, கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஊதியம் குறையாமல் பயிற்சி தர வேண்டும். நான்கு, பயிற்சி முடிந்த அடுத்த பருவத்தில், பெயர் வெளியே தெரியாத முறையில் மாணவரின் கருத்தைக் கேட்க வேண்டும். ஐந்து, 2012 விதிமுறை சொல்லும் பாகுபாடு தடுப்பு அலுவலரின் பெயரும் எண்ணும் ஒவ்வொரு கல்லூரிப் பலகையிலும் இருக்க வேண்டும்.

கேட்பதோடு நாமும் செய்ய வேண்டியது உண்டு. இங்கே இருக்கும் மாணவர்கள் தம் வகுப்பில் எந்த இடத்தில் பாடம் விட்டுப்போகிறது, ஏன் விட்டுப்போகிறது என்று ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். ஆசிரியர் பெயர் வேண்டாம், கல்லூரிப் பெயர் வேண்டாம். நடந்தது மட்டும் போதும். அவற்றைத் தொகுத்துச் சிறு நூலாக்கி, நம் மாவட்டத்தில் பயிற்சிக்குக் கிளம்பும் ஆசிரியர்கள் கையில் கொடுப்போம். சிலர் தூக்கிப் போடுவார்கள். சிலர் பஸ்ஸில் போகும்போது புரட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சிலர் போதும், தொடங்குவதற்கு.

நம் தோழர் கரும்பலகை முன்னால் நின்று கேட்டதும் அதுதான். ‘எந்த இடத்துல விட்டுப்போச்சு?’ அவர் பிள்ளையைக் கேட்டார், பதிலைக் கேட்டதும் தன் பாடத்தை மாற்றிக்கொண்டார். இரவு எட்டு மணிக்கு அண்ணன் போனுக்காகக் காத்திருந்த அந்த மாணவி எங்களிடம் பதில் சொல்லிவிட்டாள். மாற வேண்டியவர்களிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.

ஜெய்பீம்.